சியோன் ஆலயத்துப் போதகர் வீட்டில் ஒரு நாவலாசிரியை

(சிந்தாதிரிப்பேட்டை வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படைப்பு, அன்பு, வாழ்க்கையை வீணாக்காமல் வாழ்வது, இந்த மூன்றையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த ஊரிலும் யாரும் பேசக்கூடிய விஷயங்கள்தான். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் நின்று பேசும்போது அவற்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது: கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் பிறந்தார், 1894இல் மறைந்தார். 32 வயதுதான். அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு நாவல்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒன்று ‘சகுணா’, மற்றது ‘கமலா’. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று ‘சகுணா’வை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெண் சென்னைக்கு வந்தபோது அவருக்கு இடம் கொடுத்தது நம் சியோன் ஆலயத்துப் போதகரின் குடும்பம்.

இடம் கொடுத்தது என்று சொன்னேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

நம் பேட்டை உருவான கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1734இல், மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. கூவம் வளைந்து போகும் இந்த இடத்தில் சுங்குராமர் என்ற பெரிய வியாபாரியின் தோட்டம் இருந்தது. நல்ல மரநிழல். அந்த நிலத்தை எடுத்து நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் துணிக்கு வண்ணம் எழுதுபவர்களையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் கொண்டார்கள். கம்பெனி செய்தது தர்மத்துக்காக இல்லை, லாபத்துக்காக. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நெசவாளிக்கு என்ன வேண்டும் என்பது அந்த வியாபாரிகளுக்குப் புரிந்திருந்தது. பாவு விரிக்க நீளமான இடம் வேண்டும். வெயில் சுடாத நிழல் வேண்டும். நடுவில் வந்து யாரும் இழையை அறுக்காமல் இருக்க வேண்டும். எழுதுகிற பெண்ணுக்கும் இதே மூன்றும்தான் வேண்டும். இன்றுவரை நம் வீடுகளில் பல பெண்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

கிருபாபாய் தமிழ்ப் பெண் இல்லை. பம்பாய் மாகாணத்து அகமத்நகரில், மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பிராமணர்களாக இருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய ஹரிபந்த், ராதாபாய் தம்பதிக்கு ஏராளமான பிள்ளைகள். அந்தப் பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒருத்தி இவர். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். வீட்டில் பாடம் அண்ணன்மார்களுக்கு. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து காதில் விழுந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டாள். அண்ணன்மாரில் பாஸ்கர் என்பவர் மட்டும் இந்தத் தங்கையைத் தனக்குச் சமமாக நடத்தினார். தான் படித்த புத்தகங்களைப் பற்றி அவளோடு பேசினார், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். பாஸ்கரும் இளம் வயதிலேயே இறந்துபோனார். அண்ணனின் குரல் மட்டும் அவர் எழுத்தைவிட்டுப் போகவே இல்லை. ‘சகுணா’வைப் படித்தால் தெரியும்.

பிறகு பம்பாயில் விடுதி வாழ்க்கை. அங்கே ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவர் இவருடைய அறிவைக் கவனித்து மருத்துவம் படிக்கத் தூண்டினார். இங்கிலாந்து போய்ப் படிக்க உதவித்தொகையும் கிடைப்பதாக இருந்தது. உடம்பு தாங்காது என்று வைத்தியர்கள் தடுத்துவிட்டார்கள். அப்போது பக்கத்தில் திறந்திருந்த ஒரே கதவு சென்னையில் இருந்தது. நம் மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னாளில் தொடங்கி வைத்ததுதான் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி. அது இங்கே பாதிப் பேர் பிறந்த இடம். கிருபாபாய் 1878இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். பதினாறு வயது. மொழி தெரியாத ஊர். எங்கே தங்குவது?

சியோன் ஆலயம் 1847இல், அமெரிக்க மிஷன் இங்கே இயங்கிய காலத்தில் கட்டப்பட்டது. மிரன் வின்ஸ்லோ ஊழியம் செய்த இடம் அது. அவருடைய பெரிய தமிழ் ஆங்கில அகராதி அச்சானது 1862இல், கிருபாபாய் பிறந்த அதே வருஷத்தில். அமெரிக்கர்கள் சென்னையை விட்டுப் போன பிறகு ஆலயப் பொறுப்பு வில்லியம் தாமஸ் சத்தியநாதனிடம் இருந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர் மனைவி அன்னாள், போதகர் ஜான் தேவசகாயத்தின் மகள். இந்த அம்மையாரைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய காலத்தில் சென்னையில் அவர்களுக்காகப் பள்ளிகளைத் தொடங்கி நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ‘நல்ல தாய்’ என்று தமிழில் ஒரு சிறு நூலும் எழுதினார். அந்த அன்னாள் அம்மாளின் வீட்டில்தான் கிருபாபாய்க்கு ஓர் அறை கிடைத்தது. இங்கிருந்து கூவத்தைத் தாண்டினால் கல்லூரி. புறப்படும்போது கையில் புத்தகம். திரும்பி வந்தால் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க ஓர் ஆள். முதல் வருஷத் தேர்வில் அநேகமாக எல்லாப் பாடங்களிலும் அவருக்குத்தான் பரிசு.

ஒரே வருஷம். உடம்பு விழுந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்டு அக்காவிடம், புனாவுக்குப் போனார். திரும்பவும் சென்னைக்கு வந்தபோது, கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்திருந்த அந்த வீட்டுப் பிள்ளை சாமுவேல் சத்தியநாதனைச் சந்தித்தார். 1880களின் தொடக்கத்தில் கல்யாணம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இங்கேதான் ‘மருத்துவராக வேண்டியவர், பாவம்’ என்று உச்சுக் கொட்டுகிறார்கள். துன்பம்தான் அவரை எழுத்தாளராக்கியது என்பவர்களும் உண்டு. துன்பப்பட்டால்தான் கலை வரும் என்ற பேச்சு நம்மிடம் ரொம்ப நாளாக உலவுகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இந்தப் பெண்ணிடமிருந்து நோய் எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டது என்று பாருங்கள். இங்கிலாந்துப் பயணம், மருத்துவப் படிப்பு, கடைசியில் உயிர். நோய் அவருக்கு ஒரு பக்கம்கூட எழுதிக் கொடுக்கவில்லை. எழுதக் கொடுத்தவர்கள் மனிதர்கள். சமமாக நடத்திய அண்ணன், அறை கொடுத்த அன்னாள் அம்மாள், மனைவி எழுதுவதைப் பெருமையாக நினைத்த கணவர். இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்த இரண்டு புத்தகங்களும் நமக்குக் கிடைத்திருக்காது என்று நம்புகிறேன். பட்டினியும் நோயும் எத்தனையோ பேருக்கு வருகின்றன. அவர்களெல்லாம் எழுதிவிடவில்லை. எழுதாமலே போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

கல்யாணத்துக்குப் பிறகு வாழ்க்கை மாற்றல் வாழ்க்கை. அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்களுக்கு அது என்னவென்று தெரியும். சாமான்களைப் பெட்டியில் கட்ட வேண்டும், புது ஊரில் பால்காரரைத் தேட வேண்டும், பழகிய பிறகு மறுபடி கட்ட வேண்டும். சாமுவேல் முதலில் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். அங்கே போய்க் கிருபாபாய் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். தோடர் குடியிருப்புக்குப் போய் வந்து, பார்த்ததை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற கையெழுத்தோடு அது வெளிவந்தது. பிறகு ராஜமகேந்திரவரம். அதன் பிறகு கும்பகோணம். 1886இல் மறுபடியும் சென்னை. 1887இலும் 1888இலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் ‘சகுணா’ தொடராக வந்தது. ஊர் நிலைக்கட்டும், வீடு அமையட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும் கைக்கு எட்டிய வேலையைச் செய்தார். உதகமண்டலத்தில் பள்ளி எட்டியது, சென்னையில் நாவல் எட்டியது.

‘சகுணா’வைக் கட்டாயம் படியுங்கள். தன் கதையைச் சொல்லப் புறப்பட்டவர், முதல் பகுதியில் தன் தாயின் கதையைத்தான் சொல்கிறார். கணவர் மதம் மாறிவிட்டார். சிறு வயது மனைவிக்குப் பயம், அவமானம், கோபம். கணவரோடு போனால் பிறந்த வீட்டையும் உறவையும் இழக்க வேண்டும். போகாவிட்டால் வாழ்க்கையே இல்லை. போகிறாள். ஆனால் மனம் ஒப்பிப் போகவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால், அடுத்த அத்தியாயத்திலேயே அந்தப் பெண்ணுக்கு ஞானோதயம் வரவழைத்திருப்பார்கள். கிருபாபாய் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கோபத்தை மதிக்கிறார், அதற்கு நியாயம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். கணவரின் பொறுமையாலும் கூட இருந்து வாழ்ந்ததாலும் அது மெல்ல மெல்ல அன்பாக மாறுவதைக் காட்டுகிறார். அம்மாவை எழுதும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தெய்வமாக்கிவிடுவார்கள். இவர் மனுஷியாகவே விட்டுவைத்தார். அம்மாவின் மேல் வைத்த அன்புக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே புத்தகத்தில் தன் மதத்தைச் சேர்ந்த வெள்ளைக்கார அம்மையார்கள் சிலர் இந்தியப் பிள்ளைகளைத் தாழ்வாக நடத்தியதையும் மறைக்கவில்லை. இந்து வீட்டின் இறுக்கம், மிஷன் வீட்டின் அலட்சியம் இரண்டையும் பார்த்தவர் அவர். யாருக்கும் பயப்படாமல் இரண்டையும் எழுதினார். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? தன்னைச் சமமாக நடத்திய வீடு எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தடவை அதைப் பார்த்தவர்களுக்கு மற்ற வீடுகளின் குறை தானாகக் கண்ணில் படும்.

இரண்டாவது நாவலுக்கு வருகிறேன். அவருக்கு ஒரே குழந்தை பிறந்தது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துவிட்டது. அதன் பிறகு உடம்பும் மனமும் சேர்ந்து விழுந்தன. பம்பாயில் சிகிச்சை பார்த்தார்கள், குணமாகவில்லை. நாள் அதிகம் இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதியதுதான் ‘கமலா’. பலவீனத்தோடு போராடிக்கொண்டு எழுதினார். அவர் இறந்த அந்த 1894ஆம் வருஷத்திலேயே அது புத்தகமாக வந்தது.

மரணம் தெரிந்த மனுஷி தன்னைப் பற்றி அழுது எழுதியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது வேறொருத்தியின் வாழ்க்கை. கமலா ஓர் இந்துப் பெண். சின்ன வயதில் கல்யாணம். மாமியார் வீட்டில் ஏச்சு. கணவனுக்கு அவளோடு மனம் ஒட்டவில்லை. பிறகு விதவையாகிறாள். அவளை உண்மையாக நேசிக்கும் ராமச்சந்தர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவளுக்கும் அவன்மேல் அன்பு உண்டு. ஆனால் மறுக்கிறாள். காலங்காலமாக மனத்தில் ஊறிய தடையை அவளால் தாண்ட முடியவில்லை. பிறருக்கு உதவி செய்து மீதி நாளைக் கழிக்கிறாள்.

இந்த முடிவு பிடிக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். என் மாணவிகளும் கோபப்பட்டார்கள். ‘ஏன் மிஸ் அவ சரின்னு சொல்லல?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். நான் அதை இப்படிப் பார்க்கிறேன். தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அன்பான வீட்டில் வாழ்ந்தவர் கிருபாபாய். தனக்குக் கிடைத்ததைக் கமலாவுக்கும் கொடுத்து, படிப்பவர்களைச் சந்தோஷப்படுத்துவது சுலபம். ஆனால் கமலாவுக்கு ஒரு பாஸ்கரும் இல்லை, ஓர் அன்னாள் அம்மாளும் இல்லை. உன் விருப்பம் என்ன என்று அவளிடம் யாரும் கேட்டுப் பழக்கப்படுத்தவில்லை. அப்படி வளர்ந்தவள் ஒரு நாள் திடீரென்று சரி என்று எப்படிச் சொல்வாள்? அந்த மறுப்பில்தான் நூலாசிரியரின் கோபம் முழுவதும் இருக்கிறது.

அதே நாட்களில், இதே சென்னையில், ராஜமய்யர் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். 1893 முதல் 1895 வரை. அவரும் 26 வயதில், 1898இல் போய்விட்டார். இரண்டு இளைஞர்கள், ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் தமிழில், ஆளுக்கொரு நாவலை ஒரே நகரத்தில் எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அற்ப ஆயுசு என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் இன்னும் முப்பது வருஷம் இருந்திருக்க வேண்டும். அந்த இழப்பு இழப்புதான், அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஆனால் இருந்த வருஷங்களை அவர்கள் நிரப்பியிருந்தார்கள்.

கிருபாபாய் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய எழுத்துகள் புத்தகங்களாக வந்தன. இரண்டு நாவல்களும் அந்தக் காலத்திலேயே தமிழிலும் வந்தன. சாமுவேல் 1898இல் மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் பெயரும் கமலா. பட்டம் பெற்றவர். மனைவி எழுதும் வீடாக அது ஏற்கெனவே பழகியிருந்தது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கதைப் புத்தகம் எழுதினார்கள். 1901இல் கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து பெண்களுக்காக ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். பெண்கள் ஆளும் ஒரு நாட்டைக் கனவு கண்டு, வங்காளத்து ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ முதலில் அச்சேறியது அந்த இதழில்தான், 1905இல். 1906இல் ஜப்பானுக்குச் சொற்பொழிவுப் பயணம் போயிருந்த சாமுவேல் அங்கேயே இறந்துவிட்டார். இருபதுகளில் இருந்த கமலா குழந்தைகளோடு தனியாக நின்றார். பிட்டாபுரம் ராணிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். பத்திரிகையையும் நடத்தினார்.

ஒரு வீட்டில் ஒருத்திக்கு இடம் கொடுத்தார்கள். அது இன்னொருத்திக்கும் இடமாகி, அவள் வழியாக எங்கோ வங்காளத்தில் இருந்தவளுக்கும் இடமானது. இதில் யாரும் பெரிய தியாகம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, ‘அவளைத் தொந்தரவு செய்யாதே’ என்ற ஒரு வார்த்தை. அன்பு என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் தினசரி வாழ்க்கையில் இவ்வளவு சிறிய ரூபத்தில்தான் வருகிறது.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அம்மா இதே பேட்டையில் ஒட்டுக் குடித்தனத்தில் இருந்தபடி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கதை எழுதியவர். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்தால் தண்ணீர் வரும் வரை அவருக்கு ஓய்வு. அந்த நேரத்தில் நாங்கள் யாராவது ‘அம்மா’ என்று கூப்பிட்டால், வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, அப்பாவைப் பெற்றவள், அங்கிருந்தே அதட்டுவாள். ‘அவ எழுதினு இருக்கா. ஒனக்கு கையில்லையா? போய் மொண்டு குடி.’ பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. மருமகள் என்ன எழுதுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த வாசலைக் காவல் காத்தாள். அம்மாவின் கதைகளில் ஒன்றிரண்டு வார இதழ்களில் வந்தன. மற்றவை நோட்டிலேயே இருக்கின்றன. அவற்றை எழுதிய மத்தியானங்களில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் வந்ததற்கும் வராததற்கும் அந்த முகத்தில் வித்தியாசமே இருந்ததில்லை.

இங்கே வந்திருக்கும் ஆண்களுக்கு, மாமனார் மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுதுகிற, வரைகிற, பாடுகிற, தைக்கிற ஒருவர் இருப்பார். உங்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். அவரைப் பாராட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. வாரத்தில் சில மணி நேரம் வீட்டு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் மார்க்கெட்டுக்கு நீங்கள் போங்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நீங்கள் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று கணக்குக் கேட்காதீர்கள்.

பெண்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களானதும், பேரன் பள்ளிக்குப் போனதும், முட்டிவலி குறைந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கிருபாபாய்க்குச் சாதகமாக ஒரு வருஷம்கூட வாய்க்கவில்லை. வாய்த்த மணி நேரங்களில் எழுதினார். எழுத வராது என்று நினைப்பவர்கள் அவர் செய்ததைச் செய்து பாருங்கள். முதலில் உங்கள் அம்மாவின் கதையை எழுதுங்கள். அவர் கோபப்பட்ட நாள் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

‘சகுணா’வையும் ‘கமலா’வையும் சாந்தனி லொக்குகே பதிப்பித்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1998இல் மறுபதிப்பாக வெளியிட்டது. என்னிடம் இருக்கும் பிரதிகளை வாசகர் வட்டத்திடம் இன்று கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்காக அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் நானே அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துத் தமிழில் சொல்கிறேன். ‘சகுணா’வில் வரும் அந்தத் தாய் ராதாவின் கோபத்திலிருந்து ஆரம்பிப்போம். வருகிறவர்கள் எழுதியது ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். நோட்டில் இருந்தாலும் சரி, போனில் இருந்தாலும் சரி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள், அதனால் அழைத்துக்கொண்டே வரலாம்.